மூன்றாவது கேள்வி

மார்ச் 11, 2025 – செவ்வாய்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் பொய் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

சபையில் ஆளுக்கொரு நீல நோட்டு கொடுத்திருக்கிறார்கள். ஈஸ்டர் வரைக்கும் மாற்கு சுவிசேஷத்தைத் தினம் கொஞ்சம் வாசித்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இதில் என்ன நடக்கிறது? இது எனக்கு என்ன சொல்கிறது? இன்று நான் என்ன செய்வேன்? முதல் இரண்டும் எப்படியோ ஓடிவிடுகின்றன. மூன்றாவதற்குத் தினமும் ‘ஜெபிப்பேன்’ என்று எழுதி மூடிவைக்கிறேன்.

ஞாயிறுதோறும் வாசிப்புக் குழுத் தலைவர் சிகாமணி அண்ணன் எல்லா நோட்டையும் படித்துக் கையெழுத்துப் போடுகிறார். முழுப் பெயர் ஞானசிகாமணி. தோல் கம்பெனியிலும் அவர்தான் எனக்கு சூப்பர்வைசர், வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அங்கே நான் மெஷினில் தோல் அளக்கிறேன். இங்கே அவர் என் பக்தியை அளக்கிறார். அவர் படிப்பார் என்று தெரிந்தாலே என் பேனா பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் பழைய நோட்டு. இதை யாரும் பார்க்கப் போவதில்லை.

இன்றைய பகுதி: நடக்க முடியாத ஒருவனை நாலு பேர், இயேசு இருக்கிற வீட்டுக் கூரையைப் பிரித்து, கட்டிலோடு உள்ளே இறக்குகிறார்கள். நீல நோட்டில் ‘நண்பர்களின் விசுவாசம் பெரியது’ என்று எழுதினேன். உண்மையில் எனக்கு அந்த வீட்டுக்காரனைப் பற்றித்தான் கவலை. கூரையை யார் சரி பண்ணிக் கொடுத்தார்கள்?

மார்ச் 16 – ஞாயிறு

ஈஸ்டர் விடியற்காலை கல்லறைத் தோட்டத்து ஆராதனையில் யார் வாசிப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என் பெயர் வந்தது. மாற்கு பதினாறு, முதல் எட்டு வசனம். வாசித்துவிட்டு, நீல நோட்டில் எழுதியதையும் எல்லார் முன்னும் படிக்க வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் வசந்த் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். “புது வருசத்துக்கு இன்னா வாக்குத்தத்தம் எடுத்த நீ? ‘பயப்படாதே’தானே? அப்புறம் இன்னா?”

போன வருடமும் சபையில் எடுத்த வசன அட்டையில் எனக்கு அதேதான் வந்தது. கர்த்தருக்கே என்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

மார்ச் 18 – செவ்வாய்

பக்கத்து டேபிள் ஜஹீருன்னிசா ரம்ஜான் நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுக்கத் தோல் அடுக்குகிறாள். நான் லெந்துக்குக் கறி விட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

“மீனு?”

“மீன் சாப்பிடலாம்.”

“முட்டை?”

“அதுவும்.”

“அடியே, இது நோன்பா? இதுக்கு நீ ஒரு நோட்டு வேற போட்டுக்கினு இருக்கியா?”

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மார்ச் 19 – புதன்

எழுத முடியவில்லை. ஆண்டவரே.

மார்ச் 20 – வியாழன்

எழுதிவிடுகிறேன். எங்கேயாவது இது உள்ளபடி இருக்கட்டும்.

நேற்று லெந்து புதன். ஏழு மணிக்கு ஆராதனை. கொஞ்சம் முன்னால் கிளம்பலாமா என்று கேட்க சிகாமணி அண்ணனைத் தேடிக் கம்பெனியின் பின்பக்கம் போனேன். கழிவுத் தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்திருந்தது. அடியில் சேறு அடைத்துக்கொண்டதாம். கார்முகிலன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றான். நெமிலிப் பக்கத்துப் பையன், போன வருடம்தான் கல்யாணம் ஆனது. நாங்கள் மூன்று பேர்தான் அங்கே இருந்தோம்.

அண்ணன் என்னைப் பார்த்ததும், “சுகிர்தா, சர்ச்சுக்கு மெழுகுவர்த்தி வாங்கி வச்சிருப்பியே, ஒண்ணு குடு” என்றார். “எங்கப்பா கெணறு தூர் வாரும்போது மொதல்ல வெளக்கு விட்டுப் பாப்பாரு. எரிஞ்சா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம்.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு டப்பாவில் நிறுத்திக் கயிறு கட்டி உள்ளே விட்டார். மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். அழகாக எரிந்தது.

“பாத்தியா, அணையல. எறங்குடா. அஞ்சு நிமிச வேலை. நாங்க ஆராதனைக்குப் போணும்.”

“அண்ணே, ஒரு மாதிரி வாடை வருதுண்ணே.”

“தோல் கம்பெனில மல்லிப்பூ வாடையா வரும்?”

நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஏணியில் பாதி இறங்கி “அண்ணே” என்றான். அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். நான் கத்தினேன். உள்ளேயிருந்து ஓடி வந்தவர்களும் அண்ணனுமாக நாலு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். நாலு பேர். போன வாரம்தானே அந்த நாலு பேரைப் பற்றிக் கேலியாக எழுதினேன்? அவன் முகம் எனக்குத் தெரிந்த முகமாகவே இல்லை. டப்பாவை மேலே எடுத்தபோது மெழுகுவர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் அதை ஊதி அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இருக்கிறது. நினைவு இல்லை.

முதலாளி வந்ததும் அண்ணன் சொன்னது என் காதில் விழுந்தது. “வேணாம்னு சொல்லிக்கினே இருந்தேன் சார். நான் திரும்பறதுக்குள்ள அவனா எறங்கிட்டான்.”

நான் பத்தடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 21 – வெள்ளி

இன்றைய பகுதி: விளக்கைக் கொண்டுவந்து, தானியம் அளக்கிற மரக்காலின் கீழ் வைப்பார்களா? மறைந்தது எதுவும் வெளியே வராமல் போகாது.

நோட்டை மூடிவிட்டேன். நீல நோட்டில் ‘ஜெபிப்பேன்’.

மார்ச் 23 – ஞாயிறு

கூடுகை முடிந்து நோட்டை நீட்டினேன். அண்ணன் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னார்: “சுகிர்தா, நீ அன்னைக்கு அங்க வரவே இல்ல. சத்தம் கேட்டுதான் வந்த. இன்னா?”

“அண்ணே…”

“மெழுகுவர்த்தி வேற உன்னுது. போலீஸ்காரன் ஒண்ணு கேட்டா ஒண்ணு கேப்பான். உனக்கு எதுக்கும்மா வம்பு?”

மிரட்டுகிற மாதிரிகூடச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.  வழியெல்லாம் அதே நினைப்பு. மெழுகுவர்த்தி என்னுது. என்னுதுதானே? நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் இறங்கியிருக்க மாட்டானோ? என்னை உள்ள வச்சிடுவாங்களா? கட்டின புருஷன், வீடு, சபை, எல்லாம் என்னாவது?

மார்ச் 24 – திங்கள்

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். வசந்த் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஊர்ப்பட்ட சண்டையில் தலையிடுகிறவர். இதைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“நமக்கு எதுக்கு? வாய மூடிக்கினு இரு.”

அவரும் பயந்துவிட்டார். அதைப் பார்த்ததும் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

மார்ச் 26 – புதன்

பன்னிரண்டு வருடம் உதிரம் வடிந்த பெண்ணின் கதை. கூட்டத்தில் புகுந்து யாருக்கும் தெரியாமல் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமாகிறாள். அப்படியே நழுவிப் போயிருக்கலாம். “என்னைத் தொட்டது யார்” என்று கேட்டதும் பயந்து, நடுங்கி, வந்து விழுந்து எல்லா உண்மையையும் சொல்லிவிடுகிறாள்.

ஏன் சொன்னாள்? பயம் தெளிந்த பிறகு சொன்னாள் என்று எழுதியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். இல்லை. நடுங்கிக்கொண்டேதான் சொல்கிறாள்.

அவள் யாரையும் தொட்டிக்குள் இறக்கவில்லை. அவளோடு என்னை ஏன் சேர்க்கிறேன்?

மார்ச் 31 – திங்கள்

ரம்ஜான். ஜஹீருன்னிசா கூப்பிட்டிருந்தாள். எனக்காகத் தனியாகக் கத்தரிக்காயும் வெறும் பிரியாணிச் சோறும் எடுத்து வைத்திருந்தாள். “கறிய நான் பொறுக்கிட்டேன். வாசனைய மட்டும் ஆண்டவர் மன்னிச்சிடுவாரு” என்றாள்.

சாப்பிடும்போது கார்முகிலன் பேச்சு வந்தது. அவளுடைய மாமு வேறொரு தோல் கம்பெனியில் இருக்கிறார். அவர் சொன்னாராம்: சுண்ணாம்புத் தண்ணியும் ஆசிட் தண்ணியும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஒரு வாயு வரும்.

“கெணத்துல வெளக்கு விட்டுப் பாக்கறாங்களே, அது இங்க வேலைக்கு ஆவாதாம். வெளக்கு ஜோரா எரியுமாம். மனுசன்தான் அணைஞ்சிடுவானாம்.”

 இவளுக்கு மெழுகுவர்த்தி விஷயம் தெரியுமா? என் முகத்தையே பார்த்தாள்.

“நீ அன்னைக்கு பின்னால போனியே. இன்னாத்த பாத்த?”

“ஒண்ணும் பாக்கல.”

அவள் பாயசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஒரு மாதமாக எச்சில்கூட விழுங்க யோசித்தவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 3 – வியாழன்

தெருமுனையில் போலீஸ் ஜீப். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். பக்கத்துத் தெருவில் பைக் திருட்டாம்.

ஏப்ரல் 8 – செவ்வாய்

கார்முகிலனுக்கு நினைவு வந்துவிட்டது என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் வந்தது, ஐயோ, இனி அவன் சொல்லிவிடுவானே என்ற நினைப்பு. நான் எப்படிப்பட்டவளாக ஆகிவிட்டேன்?

சிகாமணி அண்ணன் இன்று முழுவதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 12 – சனி

வேலூர் போனேன். வீட்டுக்காரரிடம் துணி எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

கார்முகிலன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கை நடுங்குகிறது, கால் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு மெதுவாக வருகிறது. என்னை அடையாளம் கண்டு சிரித்தான். அவன் மனைவி யோகலட்சுமி என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னாள்:

“அவருக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. சூப்பர்வைசர் வேணாம்னு சொல்லியும் எறங்கிட்டேனாமே, எனக்கு ஏன் அப்படி புத்தி போச்சுன்னு கேட்டுக் கேட்டு அழுவறாரு. எங்க மாமனாரும் திட்டறாரு. இவரு அப்படி பேச்சு கேக்காத ஆளே இல்லக்கா. நீங்கதான் கூட வேலை செய்யறீங்க, நீங்க சொல்லுங்க. அப்படிப்பட்டவரா அவரு?”

இல்லை என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்தேன்? தலையாட்டினேன், அவ்வளவுதான். கிளம்பும்போது அவனே என் கையைப் பிடித்துக்கொண்டான். “சிகாமணி அண்ணன்கிட்ட மன்னிச்சிக்க சொல்லுக்கா. என்னால அவருக்குக் கெட்ட பேரு.”

பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். இதுவரைக்கும் நான் சும்மா இருக்கிறேன், யாரையும் எதுவும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் மண்டைக்குள்ளே ஒரு பொய் போய் உட்கார்ந்துகொண்டு அவனைத் தின்கிறது. அதை எடுக்கத் தெரிந்தவள் நான். எடுக்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 16 – புதன்

இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன இரவில், அவரைத் தெரியவே தெரியாது என்று சொல்லிக்கொண்டு பேதுரு குளிர்காய்கிற இடம். இத்தனை வருடமாக இந்தப் பகுதியில் நான் பேதுருவைத்தான் பார்த்திருக்கிறேன். இன்று அந்த வேலைக்காரப் பெண் கண்ணில் பட்டாள். அந்த வீட்டில் வேலை செய்கிறவள், கூலிக்காரி. “நீயும் அவனோடு இருந்தவன்தானே” என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். கண்ணால் கண்டதைக் கேட்டாள். பெயர்கூட எழுதவில்லை அவளுக்கு.

குழுவில் இதை அண்ணன்தான் வாசித்தார். சேவல் கூவி, பேதுரு அழுகிற வசனத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி துடைத்தார். “மிச்சத்தை யாராவது வாசிங்க” என்றார்.

அவரும் தினமும் இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு ஏனோ இதுவரை தோன்றவே இல்லை. அவர் நோட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

ஏப்ரல் 17 – வியாழன்

தொழிலாளர் துறையிலிருந்து வருகிறார்களாம். புதன்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை. கார்முகிலன் வேலையாக இறங்கினானா, தானாக இறங்கினானா என்று கேட்பார்களாம். அவனுடைய நல்ல பேரும், மேற்கொண்டு ஆகிற வைத்தியச் செலவும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று ஜஹீருன்னிசா சொன்னாள். நடந்தது தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம்.

அதைச் சொல்லிவிட்டு அவள் தோல் அடுக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 18 – பெரிய வெள்ளி

கஞ்சி மட்டும் குடித்தேன். அதுவும் தங்கவில்லை.

ஏப்ரல் 19 – சனி

நாளைக்கு வாசிக்க வேண்டியதை இன்றுதான் நிதானமாகப் படித்தேன். ஈஸ்டர் என்றால் சந்தோஷமாக முடியும் என்று நினைத்திருந்தேன். என் எட்டு வசனம் அப்படி முடியவில்லை. பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள், கல் புரண்டிருக்கிறது, இயேசு உயிர்த்தெழுந்துவிட்டார், போய்ச் சொல்லுங்கள் என்று உள்ளே இருந்தவன் சொல்கிறான். அவர்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தினால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு என் பகுதி முடிந்தது.

எல்லாச் சீட்டிலும் எனக்கா இது விழ வேண்டும்?

நீல நோட்டில் மூன்று கேள்விக்கும் எழுதினேன். மூன்றாவதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடி அதையேதான் எழுதினேன்.

ஏப்ரல் 20 – ஈஸ்டர்

விடியும் முன்னே கல்லறைத் தோட்டம். எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி. என் கையில் இருந்தது அன்றைக்கு நான் வாங்கிய மெழுகுவர்த்திப் பாக்கெட்டில் மிச்சமிருந்ததுதான். சிகாமணி அண்ணன் முன்வரிசையில் நின்றார்.

வசனம் வாசித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமா வாசிம்மா” என்றார் போதகர். நோட்டை எடுத்தேன். எழுதியிருந்தது இவ்வளவுதான்:

“இந்தப் பெண்கள் பயந்து, சொல்லாமல் போனார்கள். ஐந்தாம் அதிகாரத்தில் உதிரம் வடிந்த ஒருத்தியும் இதே மாதிரிதான் பயந்தாள். ஆனால் அவள் நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பயம் இவர்களுக்கும் அவளுக்கும் ஒன்றுதான். பயம் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன். அது போகிற மாதிரி தெரியவில்லை. இன்று நான் என்ன செய்வேன்? வருகிற புதன்கிழமை போய், நான் பார்த்ததையும் நான் கொடுத்ததையும் சொல்வேன்.”

“ஆமென்” என்றார்கள் எல்லோரும். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏதோ ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்லப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒரே ஒருவர் ஆமென் சொல்லவில்லை. அவர் கையில் மெழுகு உருகி விரலில் வழிந்தது, துடைக்காமல் நின்றார்.

வெளியே வரும்போது அண்ணன் கிட்டே வந்தார். உயிரே போய்விட்டது எனக்கு.

“புதன்கிழமை எத்தனை மணிக்கு?” என்றார்.

“பத்து மணிக்குண்ணே.”

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இதற்கு என்ன அர்த்தம்? என்னைத் தடுக்கப் போகிறாரா? முதலாளியிடம் சொல்லிவிடுவாரா?

ஏப்ரல் 21 – திங்கள்

ஆபீசரிடம் சொல்வதற்கு முன்னால் கார்முகிலனுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. வேலூர் போய், யோகலட்சுமியையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாடை வருகிறது என்று அவன் சொன்னது, அண்ணன் இறங்கச் சொன்னது, நாங்கள் சிரித்தது. மெழுகுவர்த்தி என்னுடையது என்பதையும் சொன்னேன்.

யோகலட்சுமி எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலை.

கார்முகிலன் திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

“அப்ப நான் பேச்சு கேட்டுதான் எறங்கினேனா அக்கா?”

“ஆமாம்பா. சொன்னதைத்தான் செஞ்ச.”

“யோகா, கேட்டியா? சொன்னதைத்தான் செஞ்சனாம்.” சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

ஏப்ரல் 23 – புதன்

காலையில் வசந்த் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வழியில் கைகாட்டியவர்கள் யாரையும் ஏற்றவில்லை. “போய்ட்டு வா. இங்கயே இருக்கேன்” என்றார்.

தாலுகா ஆபீஸ் படியேறினேன். உள்ளேயிருந்து சிகாமணி அண்ணன் வந்துகொண்டிருந்தார். எனக்கு முன்னாலேயே போயிருக்கிறார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இறங்கிப் போனார். முடிந்தது, எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

ஆபீசர் கேட்கக் கேட்கச் சொன்னேன். அவர் முன்னாலிருந்த தாளைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார்.

“அவரும் இதேதான் சொல்லியிருக்காரு. இறங்கச் சொன்னது நான்தான், முதல்ல பொய் சொன்னதும் நான்தான்னு எழுதிக் கொடுத்திருக்காரு. மெழுகுவர்த்தியும் தன்னோடதுன்னு சொல்றாரு. சரிதானே?”

ஒரு தலையாட்டல் போதும். எத்தனை நாளாக எதை நினைத்து நடுங்கினேனோ, அது அந்தத் தாளில் இல்லவே இல்லை. அவர் எடுத்துவிட்டிருக்கிறார். வீட்டுக்குப் போகலாம், ஜீப் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

“இல்ல சார்” என்றேன். “அது என்னுது.”

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். என் வாக்குமூலத்தில் மெழுகுவர்த்திக்கு நேரே என் பெயரை எழுதினார்.

வெளியே டீக்கடையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். “நான்தான் சொல்லிட்டேனேம்மா. நீ எதுக்கு…”

“நீங்க சொன்னது பொய்ண்ணே.”

அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. வசந்த் மூன்று டீ சொன்னார்.

ஏப்ரல் 27 – ஞாயிறு

கம்பெனியில், சொல்லி அனுப்புகிறோம், அதுவரை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான். மேலே கேஸ் உண்டா, என்னையும் கூப்பிடுவார்களா, ஒன்றும் தெரியாது. தெருவில் ஜீப் வந்தால் இன்னும் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்க்கிறேன்.

வாசிப்புக் குழுவுக்கு அண்ணன் வரவில்லை. நோட்டுகளில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் யோகலட்சுமி போன் பண்ணினாள். கார்முகிலனை நாளைக்கு நடக்க வைத்துப் பார்க்கிறார்களாம். ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன், இன்னொரு பக்கம் நீங்க வர்றீங்களாக்கா என்றாள். வருகிறேன் என்றேன். சிகாமணி அண்ணனும் வர வேண்டும் என்கிறார், அழைத்து வரட்டுமா என்று கேட்டேன்.  “இவருகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

நீல நோட்டில் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. முதல் இரண்டு கேள்விக்கும் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவதற்கு மட்டும் எழுதினேன்: காலை ஆறரை மணி வேலூர் பஸ்.